முக்கால் கோபம்

என் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதை எழுதிக்கொள்கிறவரும் அவரேதான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு எழுதுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் நான் சொல்கிறேன், அவர் எழுதுகிறார். நான் "வந்தாரு" என்றால் அவர் "வந்தார்" என்று போட்டுக்கொள்கிறார். அது அவர் பாடு. ஆனால் விஷயத்தில் கை வைக்க மாட்டார். யார் சொன்னாலும் சரி, தன் தலையிலேயே வந்து விழுகிற சொல்லாக இருந்தாலும் சரி, சொன்னது சொன்னபடிதான் தாளில் இறங்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்ததே கடிதமாகத்தான். என் மகளைத் தன் மகனுக்குக் கேட்டு அவருடைய அப்பா எழுதியிருந்தார். அந்த மனிதருக்கு அப்போது கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர் சொல்ல, மகன் எழுதியிருக்கிறார். என் கணவர் நின்றபடியே உரக்கப் படித்தார். "என் மகன் நல்லவன். சம்பளம் சுமார். தனக்கு ஒன்று வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க மாட்டான். பக்கத்தில் இருப்பவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். தூக்கத்தில் குறட்டை விடுவான். சுவர் அதிரும் அளவுக்கு இல்லை, ஆனால் விடுவான்." கீழே 'தந்தைக்காக' என்று போட்டு மகனுடைய கையெழுத்து. என் கணவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தன் குறட்டையைத் தன் கையாலயே எழுதி அனுப்பறவன் வேற எதை மறைக்கப் போறான்? முடிச்சிடலாம்" என்றார். முடித்துவிட்டோம். குறட்டை, சுவர் அதிரும் அளவுக்குத்தான்.

இந்த இடத்தில் பேனா நின்றது.

"அத்தை, அவ்வளவு இல்ல."

"எழுதுங்க மாப்பிள்ளை."

எழுதிவிட்டார்.

அவருக்கு வேலை நாற்காலி செய்கிற கம்பெனியில். ஆபீஸ்களில் இருக்குமே, சக்கரம் வைத்துச் சுற்றுகிற நாற்காலி, அது. அங்கே தலைமை மேலாளருக்கு உதவியாளர். அந்தக் கம்பெனி நாற்காலிக்கு ஒரு குணம் உண்டு. உட்கார்ந்தவுடன் ஒன்றும் தெரியாது. நேரம் போகப் போக, ஆளுக்கே தெரியாமல் இறங்கும். ஒருவர் திருப்பி அனுப்பிய நாற்காலியைக் கம்பெனியில் வைக்க இடமில்லை என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் உட்கார்ந்துதான் இதைச் சொல்கிறேன். ஆரம்பித்தபோது ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடி தெரிந்தது. இப்போது கம்பிதான் தெரிகிறது.

நாற்காலி இப்படி என்றால் கடிதம் வராமல் இருக்குமா? வந்து குவியும். ஒவ்வொன்றுக்கும் பதில் போகும். "தங்கள் நாற்காலி இறங்கிய செய்தி அறிந்து எங்கள் தலைமை மேலாளர் ஆழ்ந்த வருத்தம் அடைந்தார்." மேலாளருக்குச் செய்தியே தெரியாது. அவருக்குக் கடிதம் என்றாலே வேப்பங்காய். மாப்பிள்ளை சேர்ந்த புதிதில் ஒரு கட்டுக் கடிதத்தைக் கையெழுத்துக்கு நீட்டியிருக்கிறார்.

"இதெல்லாம் நான் படிக்கணுமா?"

"படிச்சா நல்லது சார்."

"நீ படிச்சியா?"

"நான்தான் சார் எழுதினேன்."

"அப்ப நீயே போட்டுடு."

அன்றைக்குப் போட ஆரம்பித்தவர்தான். மேலே 'தலைமை மேலாளருக்காக' என்று நீளமாக ஒரு வரி. அதன் வாலைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி அடியில் தன் பெயர், சின்னதாய் ஒரு கிறுக்கல். எழுத்து தெரியாவிட்டாலும் அந்த வடிவம் எனக்கு அத்துப்படி. கை அப்படியே பழகிவிட்டது. பார்சல் கொண்டுவரும் பையன் கையெழுத்துக் கேட்டால் 'மனைவிக்காக' என்று போடுவார். ஒருநாள் அவர் பெயருக்கே ஒரு பார்சல் வந்தது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்துவிட்டு 'எனக்காக' என்று போட்டுக் கீழே கிறுக்கினார். அந்தப் பையன் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினான்.

என் கணவர் போனபிறகு நான் இவர்களோடு வந்துவிட்டேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் வீட்டோடு மாமியார். வந்து பார்த்தால், வீடா ஆபீஸா என்று தெரியவில்லை. தெருவில் யாருக்குக் கடிதம் வேண்டுமென்றாலும் நேராக எங்கள் சாப்பாட்டு மேசைக்குத்தான். மாப்பிள்ளை யாரிடமும் காசு வாங்க மாட்டார், யாரையும் திருப்பி அனுப்பவும் மாட்டார். கேட்கிற கேள்வி மூன்றே மூன்று. என்ன நடந்தது? உங்களுக்கு என்ன வேணும்? கோபம் எவ்வளவு போடட்டும், காலா, அரையா, முழுசா?

கால் என்றால் 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்'. அரை என்றால் 'வன்மையாகச் சுட்டிக்காட்டுகிறேன்'. முழுசு என்றால் 'மன்னிக்கத்தக்கதல்ல' என்று வந்துவிடும். அதற்கு மேல் அவரிடம் சரக்கு இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

எங்கள் கட்டடத்தில் மாடிக்கு ஒரு வீடு. முதல் மாடியில் டிரைவிங் மாஸ்டர். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவில் பிள்ளைகளுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், தன் வீட்டு ஹாலில் சாலைக் குறிகள் போட்ட பெரிய படத்தை மாட்டி வைத்துப் பாடம் நடத்துவார். இரண்டாவது மாடி நாங்கள். மூன்றாவது மாடியில் வாஷிங் மெஷின் மெக்கானிக். ஊரார் மெஷினையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிவந்து பால்கனியில் ஓட்டிப் பார்ப்பார். கட்டடத்துக்கு உரிமையாளர் வேறு ஊரில். முகம் பார்த்தவர் யாருமில்லை. எல்லாம் கடிதத்தில்தான்.

எங்கள் சமையலறைக் கூரையில் முதலில் ஒரு வியர்வை மாதிரி வந்தது. பிறகு சொட்டியது. பிறகு அடுப்புக்கு நேர் மேலே இடம் பிடித்துக்கொண்டு சொட்டியது. என் மகள் புருஷனுடைய மழைத்தொப்பியைப் போட்டுக்கொண்டு சமைக்க ஆரம்பித்தாள். "மேல்வீட்டுக்கு ஒரு கடிதம் போடுங்களேன்" என்று அவள் கேட்டால், "அவருக்கும் கஷ்டம் இருக்கும்ல" என்பார் இவர். ஊருக்கெல்லாம் எழுதுகிற கை, வீட்டுக்கென்றால் வராது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் டிரைவிங் மாஸ்டர் வந்தார். படியேறின மூச்சோடு,

"சார், ஒரு கம்ப்ளெய்ண்ட் எழுதணும்" என்றார்.

"யார் மேல?"

"உங்க மேலதான்."

"உக்காருங்க" என்று மாப்பிள்ளை தாளை எடுத்தார். "என்ன நடந்தது?"

"என் ஹால் சுவர் முழுக்க ஈரம். சார்ட்டு ஊறி, 'நில்' சாயம் வழிஞ்சு 'திரும்பாதே' மேல நிக்குது. பசங்க எதைப் பார்த்து நிப்பானுங்க, எதைப் பார்த்துத் திரும்புவானுங்க?"

"உங்களுக்கு என்ன வேணும்?"

"தண்ணி நிக்கணும். இல்லேன்னா நீங்க காலி பண்ணணும்."

"கோபம்?"

"முழுசு."

"முதல் கடிதத்துலயே முழுசு போட்டா அப்புறம் ஏத்த இடம் இருக்காது. அரை போதும்னு தோணுது."

"சார், போற வழியில பிரேக் போடாதீங்க."

முழுசாகவே போட்டார். என் மகள் தொப்பியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். "என்னங்க, தண்ணி மேல் வீட்டுலேர்ந்துதான் வருதுன்னு ஒரு வரி சேருங்களேன்."

"அது நம்ம பக்கத்து நியாயம்மா. இது அவர் கடிதம்."

மாஸ்டரே சங்கடப்பட்டுவிட்டார். "சேர்க்கறதுன்னா சேர்த்துக்கங்க சார்" என்றார். "வேணாம், கடிதத்தோட வேகம் போயிடும்" என்று இவர் 'டிரைவிங் மாஸ்டருக்காக' என்று கையெழுத்தைப் போட்டு, உரிமையாளருக்கு ஒன்று, இரண்டாம் மாடிக்கு ஒன்று என்று இரண்டு பிரதி கொடுத்தார்.

மறுநாள் எங்கள் பிரதி கதவுக்கு அடியில் வந்தது. மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தவர், அதைப் பிரித்துப் படித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அலட்சியம்னு எழுதிட்டாரே, அத்தை. மன்னிக்கத்தக்கதல்லவாம்."

"நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினது நான். சொன்னது அவர்தானே."

அன்றைக்கு முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உரிமையாளர் மூன்றாவது மாடியையும் கேட்டிருக்கிறார் போல. வாரக் கடைசியில் மெக்கானிக் வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார். குரலை இறக்கிக்கொண்டு, "எனக்கு ஒரு மறுப்பு வேணும்" என்றார். "வாஷிங் மெஷின் ரிப்பேர் பாக்கறவன் வீட்டுலயே தண்ணி ஒழுகுதுன்னு வெளியே போச்சுன்னா, எவன் சார் எங்கிட்ட மெஷினைக் குடுப்பான்?"

"கோபம்?"

"கோபமெல்லாம் வேணாம். கௌரவமா இருந்தா போதும்."

உள்ளே பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மெக்கானிக் காதைச் சொறிந்துகொண்டார். "ஒழுகுதா இல்லையான்னு நீங்க கேக்கலையே."

"அது என் கேள்வியில இல்லீங்களே" என்று மாப்பிள்ளை எழுதினார். "எமது இல்லத்தில் ஒரு சொட்டு நீரும் வீணாவதில்லை." அது பொய்யென்று சொல்ல முடியாது. அத்தனையும் எங்கள் பாத்திரத்தில்தான் விழுந்தது. என் மகள் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கின் கண் முன்னாலேயே வெளியே போய்க் கொட்டிவிட்டு வந்தாள். மெக்கானிக் 'தேங்க்ஸ்' சொல்லிவிட்டு அவசரமாக மேலே போய்விட்டார்.

ஆக, கீழ்வீட்டுக் கடிதம் போயிற்று, மேல்வீட்டுக் கடிதம் போயிற்று. இரண்டும் ஒரே கை. நடுவீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. உரிமையாளர் என்ன நினைப்பார்? பேசாதவன்தான் குற்றவாளி என்று நினைத்துவிட்டார். அவரிடமிருந்து வந்த கடிதத்தை மகள் படித்தாள். இரண்டாம் மாடி வாடகைதாரர் தாமே, தம் சொந்தப் பெயரில், ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சலில் விளக்கம் தர வேண்டும்; இல்லையென்றால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

மாப்பிள்ளை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். "நல்ல கை" என்றார். "'வேறு வழியின்றி வேண்டிக்கொள்ள நேர்கிறது'ன்னு போட்டிருக்கார் பாரு. அரைக்கும் முழுசுக்கும் நடுவுல கொண்டுபோய் நிறுத்தியிருக்கார். கீழே 'உரிமையாளருக்காக'ன்னு இருக்கு. யாரோ என்னை மாதிரி ஒருத்தர்."

"வீட்டை விட்டுத் துரத்தறாங்க. நீங்க அழகு பாத்துட்டு இருக்கீங்க" என்றாள் மகள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் வேலை செய்கிற பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். இந்த வாடகைக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு வீடு கிடைக்காது. கிடைத்தாலும், "வீட்டுல யார் யாரு?" என்று கேட்பார்கள், "மாமியாரும் உண்டு" என்றதும் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். நான் சொல்லிவிட்டேன். இந்த இரண்டு மாடி ஏறிப் பழகிய முழங்காலை வைத்துக்கொண்டு இன்னொரு வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன், காலி செய்வதானால் என்னை நாற்காலியோடு சேர்த்து இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்று.

மாப்பிள்ளை எழுத உட்கார்ந்தார். 'ஐயா' என்று போட்டார். அதற்குப் பிறகு பேனா நகரவில்லை. ஒரு தாளில் உரிமையாளர் சொல்வது சரிதான் என்று எழுதிவிட்டார். கிழித்தார். இன்னொரு தாளில் மெக்கானிக்குடைய கஷ்டத்தை விளக்கியிருந்தார். அதை மகள் கிழித்தாள். "ஊர்ல எல்லாருக்கும் கேக்கறீங்களே, அதையே உங்களைக் கேட்டுக்கங்க. என்ன நடந்தது?"

"கூரை ஒழுகுது."

"என்ன வேணும்?"

"அவங்களுக்கு முடிஞ்சா, சரி பண்ணிக் குடுத்தா…"

"கோபம் எவ்வளவு?"

"கோபமா? யார் மேல?" என்றார் மாப்பிள்ளை. என் மகள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கெடுவில் பாதிக்கு மேல் இப்படியே போயிற்று. அவள் கடைகளில் சொல்லிவைத்துக் காலி அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பித்தாள். பெட்டிகளைக் கூடத்தில் அடுக்கினாள். கசிவு அங்கேயும் நீண்டு, அவற்றின் மேலும் சொட்டியது.

கடைசியில் ஒரு நாள் மாப்பிள்ளை முகமெல்லாம் மலர்ந்து வந்தார். ஆபீஸில், தன் இடத்தில், தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் கை தானாக ஓடியதாம். சாப்பாட்டு நேரத்தில் எழுதி அனுப்பியும்விட்டார். எங்களுக்கு ஒப்பித்துக் காட்டினார். "'இல்லத்தரசி மழைத்தொப்பி அணிந்து சமைக்கும் நிலை எந்த நாகரிக சமுதாயத்துக்கும் ஏற்றதல்ல.'" என் மகள் அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் அவர் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டாமே என்று, எந்த மின்னஞ்சல் எழுதினாலும் அடியில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிற மாதிரி: 'தலைமை மேலாளருக்காக'. எங்கள் சமையலறைக் கடிதத்திலும் அது சமர்த்தாக வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த வரியைப் பார்த்துவிட்டு உரிமையாளர் பக்கத்திலிருந்து வந்த பதில், நேராகத் தலைமை மேலாளருக்கே போயிற்று. எதையும் படிக்காத மனிதர் அதை எப்படிப் படித்தார் என்று கேட்பீர்கள். தலைப்பு 'வீட்டைக் காலி செய்தல்' என்று இருந்தது. அதை யாராயிருந்தாலும் படிப்பார்கள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அங்கே நடந்ததை இவர் எங்களிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

"என்னய்யா இது? நான் எப்ப உன் வீட்டுக்குக் குடி வந்தேன்?"

மாப்பிள்ளை குனிந்து அவருடைய திரையில் படித்தார். "தலைமை மேலாளர் அவர்கள் எங்கள் கட்டடத்தில் குடியிருப்பது இதுவரை எங்களுக்குத் தெரியாது. வாடகைதாரர் எங்களைக் கேட்காமல் தங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று புரிகிறது. ஆகவே இனி விளக்கம் தேவையில்லை, மாதக் கடைசியில் சாவியை ஒப்படைக்கவும்." கீழே, உரிமையாளருக்காக.

வீடு போயிற்று, வேலையும் போயிற்று என்று இவர் நின்றிருக்கிறார். மேலாளர் தன் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே கேட்டாராம்.

"என் பேர்ல இத்தனை வருஷமா என்னென்னய்யா எழுதியிருக்கே?"

"நீங்க நிறைய வருத்தப்பட்டிருக்கீங்க சார்."

"எவ்வளவு?"

"ஆழ்ந்த வருத்தம்தான் சார் அதிகம்."

"சந்தோஷமே படலையா?"

"பெரிய ஆர்டர் வந்தா மட்டற்ற மகிழ்ச்சி சார். வாட்ச்மேன் பொண்ணு வேலைக்குப் போனப்பக்கூட ஒரு தடவை பட்டீங்க. வாழ்த்து அனுப்பினீங்க."

மேலாளர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாராம். "அதான் அந்த ஆளு என்னைப் பார்த்தா எழுந்து நிக்கிறாரா? நான் கால்வலின்னு நினைச்சேன்." பிறகு மேசையைப் பிடித்து எழுந்து, நாற்காலியை உயர்த்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "நகரு. இதுக்கு நான் பதில் போடறேன்."

"எதுக்கு சார், நீங்க சொல்லுங்க, நான்…"

"நீ எழுதினா நான்தான் மறுபடி உன் வீட்டுக்குக் குடி வருவேன். நகருய்யா."

மேலாளர் ஒரு விரலால் எழுத்துகளைத் தேடித் தேடிக் குத்த ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்குச் சும்மா நிற்கத் தெரியவில்லை. பழக்கம் விடுமா? "கோபம் எவ்வளவு சார் போடணும்? காலா, அரையா, முழுசா?" என்று கேட்டுவிட்டார்.

"என்னைக் கேட்டா? உன் வீடு. உனக்கு எவ்வளவு இருக்கோ அவ்வளவு."

இவர் யோசித்திருக்கிறார். மேலாளரின் விரல் காத்துக்கொண்டிருந்ததாம். தொப்பி ஞாபகம் வந்தது, அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது, நான் நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்றது ஞாபகம் வந்தது என்கிறார். தள்ளி வைத்த தட்டும் வந்திருக்கும், அதை அவர் சொல்லவில்லை.

"முக்கால், சார்."

"முக்காலுக்கு என்ன எழுதணும்?"

"தெரியல சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"அப்ப முக்கால்னே போட்டுடறேன்."

போன கடிதம் இதுதான். "இரண்டாம் மாடியில் இருப்பது என் உதவியாளர். நான் இல்லை. தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும். மேலே ஆள் அனுப்பிப் பாருங்கள். இவருக்கு முக்கால் கோபம்." மேலாளருடைய கம்ப்யூட்டரிலும் மாப்பிள்ளை ஒட்டிவைத்திருந்த அந்த வரியை அவரிடமே கேட்டு எடுத்துவிட்டு, மேலாளர் தன் விரலாலேயே அடித்தாராம்: 'உதவியாளருக்காக, தலைமை மேலாளர்'.

இதைச் சொல்லும்போது மாப்பிள்ளை அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பச் சொன்னார். "எனக்காக ஒருத்தர் போட்டாருங்க, அத்தை" என்றார். என் மகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. "முக்காலா? நானா இருந்தா ஒண்ணரை" என்றாள். ஆனால் அன்றைக்கு அவர் தட்டில் எல்லாம் இரண்டு தடவை விழுந்தது.

அந்த வாரமே பிளம்பர் வந்தார். நேராக மூன்றாவது மாடிக்குப் போனார். பால்கனியில் யாருடைய மெஷினோ ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வெளியே போகிற ரப்பர் குழாய் அடியில் வெடித்து, தண்ணீரெல்லாம் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக் படிக்கட்டில் நின்று, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும், "மெஷின்ல ஒண்ணும் இல்ல, ஹோஸ்தான், ஹோஸ் நம்ம வேலை இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உரிமையாளரிடமிருந்தும் பதில் வந்தது. இரண்டாம் மாடியினர் தொடர்ந்து குடியிருக்கலாம், கூரையைப் பூசித்தர ஆள் வரும், தங்கள் முக்கால் கோபம் குறித்து உரிமையாளர் ஆழ்ந்த வருத்தம் அடைந்தார். மாப்பிள்ளை அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உரிமையாளருக்கு விஷயமே தெரிஞ்சிருக்காது, அத்தை. எழுதினவருக்குத்தான் வருத்தம். எனக்குத் தெரியும்."

மெக்கானிக் இரண்டு நாள் எங்கள் கதவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் மேசைக்கு வந்துவிட்டார். கீழ்வீட்டுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும், ஆனால் அதில் தண்ணீர் என்ற சொல் வரக்கூடாது.

"வருத்தம் எவ்வளவு? காலா, அரையா?"

"அரை. அப்புறம்…" மெக்கானிக் சமையலறைப் பக்கம் பார்த்தார். தொப்பி ஆணியில் தொங்கியது. "ரெண்டாவது மாடிக்கும் ஒண்ணு. அதுல முழுசாவே போட்டுடுங்க."

மாப்பிள்ளை இரண்டையும் எழுதி, 'மெக்கானிக்குக்காக' என்று போட்டு அவரிடமே கொடுத்தார். மறுநாள் எங்களுடையது கதவுக்கு அடியில் வந்தது. மாப்பிள்ளை மேசையில் உட்கார்ந்து பிரித்து, முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நல்ல மனுஷன், அத்தை. எவ்வளவு மனசு விட்டு எழுதியிருக்கார் பாருங்க."

அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார். அது போதும் எனக்கு. டிரைவிங் மாஸ்டரும் வந்து, மன்னித்துவிட்டதாக மெக்கானிக்குக்கு ஒரு பதில் எழுதிவாங்கிக்கொண்டு போனார். மன்னிப்பிலும் முழுசுதான் கேட்டார். அட்டைப்பெட்டிகளை என் மகள் கடைக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள், ஒன்றைத் தவிர. அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறாள். கம்பெனி நாற்காலியைவிட அது எவ்வளவோ தேவலை, இறங்குவதில்லை.

என்னுடையது அடிவரைக்கும் வந்துவிட்டது. முழங்கால் இப்போது முகவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று பாக்கி. "மாப்பிள்ளை, இது உங்க கதை. கீழே உங்க பேரை மட்டும் போடுங்க. வேற யாருக்காகவும் போடாதீங்க" என்றேன்.

"வார்த்தை உங்களுது, அத்தை. நான் எப்படிப் போடறது?"

"போடுங்கன்னா போடுங்க."

குனிந்து போட்டார். தாளைக் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, கண் தெரியும். நீளமாக ஒரு வரி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடியில் ஒரு சின்னக் கிறுக்கல்.

நான் பார்த்த பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டது. "கோபமா, அத்தை?"

"கால்" என்றேன். "அதையும் எழுதிட்டு, வந்து என்னைத் தூக்கி விடுங்க."

மாமியாருக்காக,
மாப்பிள்ளை